தூரத்தை மறக்கும் கருந்துளைகள்

கருந்துளைக்கு என்ட்ரோபி உண்டு என்று 1972-ல் வாதாடியவர் ஜேக்கப் பெக்கன்ஸ்டைன். அது எவ்வளவு என்பதை அடுத்த சில ஆண்டுகளில் ஸ்டீவன் ஹாக்கிங் அறுதியிட்டார். ஒளியும் திரும்ப முடியாத எல்லையான நிகழ்வெல்லையின் பரப்பளவை பிளாங்க் நீளத்தின் வர்க்கத்தால் அளந்து நான்கால் வகுத்தால் போதும். சூரியனின் நிறை கொண்ட கருந்துளைக்கு விடை ஏறத்தாழ 10-இன் 77ஆம் அடுக்கு.

என்ட்ரோபி எதை எண்ணுகிறது? வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே தெரியும் ஒரு பொருள் உள்ளுக்குள் எத்தனை விதமாக அமைந்திருக்க முடியும் என்பதை. அந்த எண்ணிக்கையின் மடக்கைதான் என்ட்ரோபி. அப்படியானால் பரப்பளவைப் பற்றிய இந்தச் சூத்திரத்தின் அடியில் ஒரு முழு எண் இருக்க வேண்டும். முழு எண் தாவித்தான் மாறும், பரப்பளவோ இழையிழையாகக் கூடவும் குறையவும் முடியும். இந்த இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்ற கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்புபவை உச்சநிலைக் கருந்துளைகள்.

மின்னூட்டம் பெற்ற கருந்துளைக்கான தீர்வை ஹான்ஸ் ரெய்ஸ்னர் 1916-லும் குன்னர் நார்ட்ஸ்டிராம் 1918-லும் கண்டனர். அதில் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. குறிப்பிட்ட நிறையுள்ள கருந்துளை இவ்வளவு மின்னூட்டத்தைத்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் நிகழ்வெல்லையே இல்லாமல் போய்விடும். சூரியனின் நிறைக்கு அந்த வரம்பு சுமார் 1.7 × 10²⁰ கூலும். வரம்பைச் சரியாகத் தொட்டு நிற்பதுதான் உச்சநிலைக் கருந்துளை. மின்னூட்டமில்லாத, சூரிய நிறையுள்ள கருந்துளையின் எல்லை மையத்திலிருந்து 3 கிலோமீட்டரில் இருக்கும்; உச்சநிலையில் அது 1.5 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். கருந்துளையைக் கதிர்வீச்சு உமிழச் செய்யும் ஹாக்கிங் வெப்பநிலை இதற்குச் சுழி. கதிர்வீச்சும் இல்லை. வானத்தில் இவ்வளவு மின்னூட்டம் சேர வழியில்லை. சுற்றியுள்ள எதிர்மின்னூட்டத் துகள்கள் ஓடிவந்து சமன்செய்துவிடும். ஆனாலும் கோட்பாட்டாளர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. வெப்பமற்ற, அசைவற்ற, மின்னூட்டத்தால் மட்டுமே அடையாளம் காணக்கூடிய பொருள் இது. எண்ணிப் பார்க்க இதைவிடத் தோதான கருந்துளை கிடையாது.

மின்னூட்டம் இயல்பிலேயே துண்டு துண்டாக, முழு எண்களாக வருவது. பரப்பளவு மின்னூட்டத்தை மட்டும் சார்ந்திருந்தால் எல்லாம் ஒழுங்காகப் பொருந்திவிடும். ஆனால் இழைக் கோட்பாட்டுக்குள் நுழைந்ததும் இன்னும் பலர் கணக்கில் வந்து சேர்கிறார்கள்.

நாம் காணும் நான்கு பரிமாணங்களோடு இன்னும் ஆறு பரிமாணங்கள் சுருண்டு கிடப்பதாக இழைக் கோட்பாடு சொல்கிறது. அந்தச் சுருளின் பருமன், வடிவம், விசைகளின் வலிமை ஆகிய எல்லாவற்றையும் வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் சில எண்கள் தீர்மானிக்கின்றன. இப்படிப் புள்ளிக்கொரு எண்ணாகப் பரவியிருப்பதை ஸ்கேலார் புலம் என்பார்கள். கருந்துளையை விட்டு வெகு தொலைவில் இந்தப் புலங்கள் எந்த மதிப்பையும் எடுக்கலாம். அங்கே ஒரு மதிப்பைத் துளியளவு கூட்டினால், கருந்துளையின் நிறை துளியளவு மாறும். பரப்பளவும் கூடவே மாறினால்? தொலைதூரத்தில் யாரோ செய்த சிறு திருத்தத்துக்காக உள்ளே இருக்கும் நிலைகளின் எண்ணிக்கை தொடர்ச்சியாக மாற வேண்டும். எண்ணிக்கைக்கு அது இயலாத காரியம்.

செர்ஜியோ ஃபெராரா, ரெனாட்டா கலோஷ், ஆண்ட்ரூ ஸ்ட்ராமிஞ்சர் ஆகிய மூவர் 1995-ல் இதற்கு விடை கண்டார்கள். ஸ்கேலார் புலங்கள் தொலைவில் எந்த மதிப்பில் தொடங்கினாலும், கருந்துளையை நோக்கி வர வர மாறி, நிகழ்வெல்லையை அடையும்போது ஒரே மதிப்பில் வந்து நிற்கின்றன. அந்த மதிப்பை நிர்ணயிப்பது மின்னூட்டங்கள் மட்டுமே. பரப்பளவும் அப்படியே. தொலைவின் தடயம் எதுவும் எல்லையில் மிஞ்சுவதில்லை. இதற்கு அட்ராக்டர் நிகழ்முறை என்று பெயர் நிலைத்தது.

அவர்கள் ஆராய்ந்தவை மீச்சமச்சீர்மை, அதாவது சூப்பர் சிமெட்ரி கொண்ட கருந்துளைகள். ஒவ்வொரு போசானுக்கும் ஒரு ஃபெர்மியான் துணை உண்டு என்று கோரும் சமச்சீர்மை அது. அதன் கையில் வலுவான சமன்பாடுகள் இருந்தன. அவற்றைத் தீர்த்தபோது அட்ராக்டர் தானாக வெளிவந்தது. ஆகவே இந்த மறதிக்குக் காரணம் மீச்சமச்சீர்மைதான் என்ற எண்ணம் பல ஆண்டுகள் பரவலாக இருந்தது. அப்படியென்றால் இது நம் உலகத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்ற ஐயம் எழாமல் இருக்காது. ஜெனீவா அருகே பெரும் ஹாட்ரான் மோதுவியில் 2010 முதல் உயர் ஆற்றல் மோதல்கள் நடக்கின்றன. ஒரு மீச்சமச்சீர்த் துணைத் துகளும் இதுவரை சிக்கவில்லை.

பெருமை வேறொன்றுக்கு உரியது என்பதற்கான குறிப்பு 1997-லேயே கிடைத்திருந்தது. ஃபெராராவும் கலோஷும் கேரி கிப்பன்ஸுடன் சேர்ந்து, மீச்சமச்சீர்மையைத் தொடாமலே ஸ்கேலார் புலத்தின் சமன்பாட்டை எழுத முடியும் என்று காட்டினார்கள். மின்னூட்டங்கள் சேர்ந்து ஸ்கேலார்களுக்கு ஒரு விளைவு ஆற்றலை உண்டாக்குகின்றன. அதன் சரிவு சுழியாகும் புள்ளியில்தான் எல்லையின் மதிப்பு அமையும். குறிப்பு அதோடு நின்றது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2005 ஜூலையில், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் கெவின் கோல்ட்ஸ்டைன், நோரிஹிரோ இசுகா, ருத்ர ஜெனா, சந்தீப் திரிவேதி ஆகிய நால்வரும் அதை முழுமையாகக் கையில் எடுத்தார்கள்.

விளைவு ஆற்றல் எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் எளிய கணக்கில் பார்த்துவிடலாம். இரண்டு வகை மின்காந்தப் புலங்கள், ஒரே ஒரு ஸ்கேலார். முதல் வகை மின்னூட்டம் 2, இரண்டாவது வகை 6. ஸ்கேலாரின் மதிப்பை x என்ற நேர் எண்ணால் குறித்தால், அது முதல் புலத்தின் பங்கை x மடங்காக்குகிறது, இரண்டாவதின் பங்கை x-ஆல் வகுக்கிறது. மின்னூட்டங்கள் வர்க்கத்தில் வருவதால் விளைவு ஆற்றல் 4x + 36/x. x-க்கு 1 கொடுத்தால் 40. 2 கொடுத்தால் 26. 3 கொடுத்தால் 24. 4 கொடுத்தால் 25. 9 வரை போனால் மறுபடியும் 40. மிகக் குறைந்த இடம் x = 3. அங்கே ஆற்றல் 24, அதாவது இரு மின்னூட்டங்களின் பெருக்கலைப் போல் இரு மடங்கு. இயற்கை அலகுகளில் கருந்துளையின் என்ட்ரோபி இந்த 24-ஐப் பையால் பெருக்கினால் வருவது. தொலைவில் x எதுவாக இருந்தது என்ற கேள்வி விடையில் எங்கும் இல்லை. மீச்சமச்சீர்மையும் இந்தக் கணக்கில் எங்கும் தேவைப்படவில்லை.

மின்னூட்டங்களில் ஒன்றை நீக்கிவிட்டால் கதை முறிந்துபோகும். 36/x மட்டும் மிஞ்சினால் குறைந்தபட்சப் புள்ளியே கிடையாது. x பெருகிக்கொண்டே போகும், எல்லையின் பரப்பளவு சுழியாகிவிடும். அட்ராக்டர் வேண்டுமென்றால் புலத்தை இரு பக்கமும் இழுக்க ஆள் வேண்டும்.

ஆனால் ஆற்றலுக்கு ஒரு குறைந்தபட்சப் புள்ளி இருந்தால் மட்டும் புலம் அங்கே போய்ச் சேர்ந்துவிடுமா? இதற்குத்தான் உச்சநிலையின் வடிவியல் வேண்டும். எளிய கருந்துளை ஒன்றை நோக்கி வெளியே நின்றபடி ஒரு கயிற்றை இறக்குவதாக வைத்துக்கொண்டால், அளவான நீளத்திலேயே கயிறு நிகழ்வெல்லையை எட்டிவிடும், கிணற்று வாளி தண்ணீரைத் தொடுவதைப் போல. உச்சநிலைக் கருந்துளையில் எவ்வளவு நீளக் கயிறும் போதாது. எல்லையை நெருங்கும் இடம் ஒரே பருமனுள்ள கழுத்தாக நீண்டு, முடிவின்றிப் போகிறது. (உள்ளே விழுபவர் தன் கடிகாரத்தின்படி அளவான நேரத்தில் எல்லையைக் கடந்துவிடுவார் என்பது வேறு சங்கதி, இங்கே பேசுவது ஒரு கணத்தில் அளக்கும் நீளம்.) முடிவில்லாத அந்தக் கழுத்தில் ஸ்கேலார் புலத்துக்குத் தன் தொடக்கத்தைத் தொலைக்க வேண்டிய அளவு இடம் கிடைக்கிறது.

மும்பைக் குழு இதைத் துல்லியமாகக் கணக்கிட்டது. புலம் அட்ராக்டர் மதிப்பிலிருந்து சற்று விலகியிருந்தால், அந்த விலகலுக்கான சமன்பாட்டுக்கு இரண்டு தீர்வுகள். ஒன்று எல்லையில் வெடித்துப் பெருகும், மற்றது தேய்ந்து மறையும். பெருகுவது எல்லையையே சிதைத்துவிடும் என்பதால் அதற்கு இடமில்லை. மிஞ்சுவது தேய்வது மட்டும். மேலே சொன்ன இரு மின்னூட்டக் கணக்கில், தொலைவில் இருந்த விலகல், மையத்திலிருந்து எல்லையைப் போல் இருமடங்கு ஆரத்துக்கு வரும்போது பாதியாகிறது. 1.1 மடங்கில் பதினொன்றில் ஒரு பங்கு. 1.01 மடங்கில் நூற்றொன்றில் ஒரு பங்கு. எல்லையில் சுழி. உச்சநிலையை அடையாத கருந்துளையில் கழுத்து பாதியில் முடிந்துவிடுவதால் விலகலில் ஒரு பகுதி மிஞ்சி எல்லைவரை வந்துவிடும். அந்தக் கருந்துளையின் பரப்பளவு தொலைவை மறப்பதில்லை.

இந்தக் கட்டுரை முழுவதும் சொல்ல வருவது இதைத்தான்: மறதியைத் தருவது உச்சநிலை. மீச்சமச்சீர்மை அதற்கு ஒரு வசதியான வழியாக இருந்தது, அவ்வளவே.

வசதி என்று சொல்வதில் ஒரு பொருள் இருக்கிறது. மீச்சமச்சீர்மை உள்ள இடத்தில் விளைவு ஆற்றலின் சரிவு சுழியாகும் புள்ளி எப்போதும் குறைந்தபட்சமாகவே அமைந்துவிடும். அது இல்லாத இடத்தில் இரண்டாவது நிபந்தனையைத் தனியே சோதிக்க வேண்டும்: எல்லாத் திசைகளிலும் ஆற்றல் மேல்நோக்கி வளைகிறதா? ஒரு திசையில் கீழ்நோக்கி வளைந்தால், அந்தத் திசையில் மயிரிழை விலகினாலும் எல்லையை நெருங்க நெருங்க விலகல் பெருகும். ஒரு திசையில் மேலும் கீழும் வளையாமல் தட்டையாக இருந்தால் அந்த ஸ்கேலார் நிலைப்படுவதும் இல்லை, வழிதவறுவதும் இல்லை.

இந்தத் தட்டைத் திசைகள் வெறும் கற்பனை ஆபத்து அல்ல. 2005 நவம்பரில் பிரசாந்த திரிபாதியும் திரிவேதியும் இழைக் கோட்பாட்டின் அசல் உதாரணங்களைச் சோதித்தார்கள். அவற்றில் ஒன்று, சுருண்ட ஆறு பரிமாணங்களின் ஒரு வடிவமான கலாபி-யாவ் வெளியில் சுற்றிக்கொண்ட D4 சவ்வுகளும் D0 துகள்களும் சேர்ந்து உருவாக்கும் கருந்துளை. D0 மின்னூட்டத்தின் குறியை மாற்றினால் மீச்சமச்சீர்மை உடைந்துவிடும். என்ட்ரோபிச் சூத்திரமோ குறியைத் தவிர அப்படியே இருக்கும். அதுவே ஒரு வியப்பு. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. கோட்பாட்டில் 2n ஸ்கேலார்கள் இருந்தால் n+1 திசைகளில் ஆற்றல் மேல்நோக்கி வளைந்தது. மீதி n–1 திசைகளில் முதல் கணக்கில் தட்டையாகவே இருந்தது. அவற்றின் தலைவிதியை அறிய அடுத்தடுத்த திருத்தங்களைச் சேர்த்தாக வேண்டும். திரிபாதி பின்னர் சென்னை ஐஐடியின் இயற்பியல் துறையில் சேர்ந்து இந்தத் திசையில் ஆய்வைத் தொடர்ந்தார்.

திரிவேதி இந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்த பாதையும் கவனிக்கத்தக்கது. 2003-ல் ஷமித் கச்ரு, ரெனாட்டா கலோஷ், ஆந்த்ரே லிந்தே ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, சுருண்ட பரிமாணங்களின் அளவைப் பிரபஞ்சம் முழுவதற்கும் எப்படி நிலைநிறுத்துவது என்று காட்டியது. அங்கே ஸ்கேலார்களில் பலவற்றைப் பிடித்து நிறுத்துபவை உள்வெளியில் ஊடுருவும் புலப்பாயங்கள். கருந்துளையிலும் மின்னூட்டம் என்பது அதைச் சூழ்ந்த கோளத்தின் வழியே போகும் புலப்பாயம்தானே! இரண்டு கணக்குகளின் எலும்புக்கூடும் ஒன்றே. கருந்துளை மறதிக்கும் நம் பிரபஞ்சத்தின் மாறிலிகள் ஏன் மாறாமல் நிற்கின்றன என்ற கேள்விக்கும் இடையே இப்படியோர் உறவு இருப்பது இந்தத் துறையின் மிக அழகான செய்திகளில் ஒன்று.

மும்பைக் கட்டுரைக்கு ஒரு மாதம் முன்னதாக, 2005 ஜூனில், அலகாபாத்தின் ஹரிஷ்-சந்திரா ஆராய்ச்சிக் கழகத்திலிருந்து அசோக் சென் வேறொரு வழியில் அதே இடத்துக்கு வந்திருந்தார். அவர் கழுத்துக்கு வெளியே பார்க்கவே இல்லை. கழுத்தின் உள்ளே வெளிகாலத்துக்கு இருக்கும் சமச்சீர்மை மிக அதிகம். அங்கே ஒவ்வொரு புலமும் ஒரு மாறிலி. வகையீட்டுச் சமன்பாடுகள் எல்லாம் பள்ளிக்கூட இயற்கணிதமாக இறங்கிவிடுகின்றன. கோட்பாட்டின் சமன்பாடுகளைப் பிறப்பிக்கும் லக்ராஞ்சியனைக் கோளத்தின் மேல் கூட்டி, மின்புலத்தையும் மின்னூட்டத்தையும் பெருக்கியதிலிருந்து அதைக் கழித்தால் ஒரு சார்பு கிடைக்கும். அதன் உச்ச அல்லது நீச மதிப்பின் 2π மடங்குதான் என்ட்ரோபி. ஐன்ஸ்டைன் சமன்பாட்டுக்கு எவ்வளவு திருத்தங்கள் சேர்த்தாலும் இந்த வழி பொய்க்காது. தட்டைத் திசைகளைப் பற்றியும் கவலை இல்லை: ஏதாவதொரு ஸ்கேலார் எல்லையில் நிலைப்படாமல் போனால், சென்னின் சார்பு அந்த ஸ்கேலாரைச் சார்ந்திருக்கவே செய்யாது. ஆகவே புலம் மறந்தாலும் மறக்காவிட்டாலும் என்ட்ரோபி மறந்துவிடும். அடுத்த ஆண்டே சென்னும் மும்பைக் குழுவில் சிலரும் டுமித்ரு அஸ்டெஃபனெசேயும் சேர்ந்து சுழலும் உச்சநிலைக் கருந்துளைகளுக்கும் இதை விரித்தார்கள்.

சுழற்சி என்றவுடன் விஷயம் வானத்துக்குக் கிட்டத்தில் வந்துவிடுகிறது. மின்னூட்டம் சேராவிட்டாலும் கருந்துளைகள் வேகமாகச் சுழல்கின்றன. GRS 1915+105 என்ற கருந்துளை உச்சவரம்பில் 98 விழுக்காட்டுக்கும் மேலான வேகத்தில் சுழல்வதாக 2006-ல் ஒரு மதிப்பீடு வெளியானது. உச்சநிலைச் சுழல் கருந்துளையின் என்ட்ரோபி அதன் கோண உந்தத்தின் 2π மடங்கு. அதுவும் குவாண்டம் விதிப்படி துண்டு துண்டாக வரும் அளவுதான்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். ஸ்ட்ராமிஞ்சரும் கும்ரன் வஃபாவும் 1996-ல் மீச்சமச்சீர்க் கருந்துளை ஒன்றின் உள்நிலைகளை ஈர்ப்பு வலுக்குறைந்த சூழலில் ஒவ்வொன்றாக எண்ணி, பரப்பளவில் கால் பங்கு என்ற விடையைச் சரியாக எட்டினார்கள். வலுக்குறைந்த சூழலில் எண்ணியது வலுமிக்க கருந்துளைக்கும் பொருந்துவதற்கு மீச்சமச்சீர்மை உறுதி தந்தது. மீச்சமச்சீர்மை இல்லாத சில கருந்துளைகளுக்கும் எண்ணிக்கை அதேபோல் பொருந்தியதை அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பலர் கண்டார்கள். உறுதி தர யாருமில்லாத இடத்தில் விடை ஏன் சரியாக வருகிறது? 2006-ல் அதிஷ் தபோல்கர், சென், திரிவேதி மூவரும் சொன்ன பதில்: விசையின் வலிமையும் ஒரு ஸ்கேலார்தான். தொலைவில் அதைக் கூட்டினாலும் குறைத்தாலும் கழுத்துக்குள் அது எடுக்கும் மதிப்பு மாறாது. ஆகவே என்ட்ரோபியும் மாறாது.

இந்தப் பதில் மனத்துக்கு நிறைவானது. ஆனாலும் அதில் ஒரு விரிசல் உண்டு. அதை முன்கூட்டியே கண்டவர்களில் திரிவேதியும் ஒருவர் என்பது சுவையான உண்மை. ஜான் பிரெஸ்கில், பாட்ரிசியா ஷ்வார்ட்ஸ், ஆல்ஃபிரட் ஷேப்பியர், ஃபிராங்க் வில்செக் ஆகியோருடன் 1991-ல் அவர் எழுதிய கட்டுரை ஒரு சங்கடத்தைச் சுட்டிக்காட்டியது. உச்சநிலையை மிக நெருங்கிய கருந்துளை ஒரே ஒரு ஹாக்கிங் துகளை உமிழ்ந்தாலும் அதன் வெப்பநிலை அந்த வெப்பநிலை அளவுக்கே மாறிப்போகும். அப்படிப்பட்ட பொருளுக்கு வெப்பநிலை என்று ஒன்றைச் சொல்வதே பொருந்தாது.

பல ஆண்டுகள் கிடப்பில் இருந்த இந்தச் சங்கடத்துக்கு 2020-ல் லூக்கா இலியேசியுவும் குஸ்தாவோ துரியாசியும் கணக்குப் போட்டார்கள். கழுத்து முடிவில்லாமல் நீள்வதால் அதன் நீளத்தில் ஏற்படும் குவாண்டம் அலைவுகளும் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. வெப்பநிலை சுழியை நெருங்கும்போது அந்த அலைவுகள் வெப்பநிலையின் 3/2 அடுக்கில் சுருங்கும் ஒரு காரணியைக் கொண்டுவருகின்றன. மீச்சமச்சீர்மை இல்லாத கருந்துளையில் அதன் விளைவு கடுமையானது: சரியாக உச்சநிலையில் நிலைகளின் அடர்த்தி சுழிக்கு இறங்கிவிடுகிறது. மலை போல் குவிந்திருப்பதாக நினைத்த நிலைகள் அதற்குச் சற்று மேலே, மிக மெல்லிய ஆற்றல் பட்டையில் பரவிக்கிடக்கின்றன. அதே ஆண்டில் மேத்யூ ஹைடமன், வென்லி ஜாவோ இருவரும் அவர்களோடு சேர்ந்து மீச்சமச்சீர்க் கருந்துளைக்கும் கணக்கிட்டபோது விடை தலைகீழாக வந்தது. அங்கே உச்சநிலையில் நிலைகள் முழு எண்ணிக்கையில் உண்மையாகவே குவிந்திருக்கின்றன. அவற்றுக்கும் அடுத்த நிலைக்கும் நடுவே தெளிவான இடைவெளியும் இருக்கிறது.

ஆக, 2005-ல் உச்சநிலைக்குப் போன பெருமையில் ஒரு பங்கு மீச்சமச்சீர்மைக்குத் திரும்புகிறது. புலங்கள் தூரத்தை மறப்பதற்குக் கழுத்து போதும். கழுத்தின் அடியில் நிலைகள் சரியாக ஒரே ஆற்றலில் குவிந்து நிற்பதற்கு மீச்சமச்சீர்மை வேண்டும். அது இல்லாத கருந்துளைகளில் அட்ராக்டர் தரும் எண், உச்சநிலைக்குச் சற்று மேலே உள்ள பட்டையில் நிலைகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதை நிர்ணயிக்கிறது. இரு மின்னூட்டக் கணக்கின் 24 பொய்யாகவில்லை. எதை எண்ணுகிறது என்பதுதான் நுணுக்கமாகியிருக்கிறது. 2023-ல் இதே குவாண்டம் கணக்கை, மின்னூட்டமே இல்லாமல் சுழலும் கெர் கருந்துளைக்கும் வெவ்வேறு குழுக்கள் போட்டுப் பார்த்தன. அங்கும் வெப்பநிலையின் அதே 3/2 அடுக்கு வெளிப்பட்டது.